‘ட்ரிபிள் ஏ’ என்று போட்டிருந்தால் போதுமா? முதல் முறை கம்பெனி டெபாசிட், கடன் பத்திரம் வாங்குவோருக்கு

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் எட்டு லட்சம் இன்னும் சேமிப்புக் கணக்கிலேயே தூங்குகிறது. “வாட்ஸ்அப்ல ஒரு விளம்பரம் வந்திருக்குப்பா. எட்டரை பர்சென்ட். ட்ரிபிள் ஏன்னு போட்டிருக்கான். போட்டுடலாமா?” என்றார்.

அரை மணி நேரம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கடைசியில் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. அந்த நோட்டில் எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

ஏலச்சீட்டு போட்ட யாருக்கும் அடிப்படை விஷயம் புதிதல்ல. இருபது மாதச் சீட்டை இரண்டாம் மாதமே எடுத்தவர் மீதிப் பதினெட்டுத் தவணையை ஒழுங்காகக் கட்டுவாரா என்பது நடத்துபவரின் கவலை. அதனால்தான் எடுப்பவரிடம் ஜாமீன் கேட்கிறார்கள். நடத்துபவர் கடைசி வரை ஊரில் இருப்பாரா என்பது கட்டுபவர்களின் கவலை. எதிரில் இருப்பவர் சொன்ன தேதியில் சொன்ன பணத்தைத் தராமல் போகும் இந்த அபாயத்தைத்தான் நிதித் துறையில் ‘கவுண்டர்பார்ட்டி ரிஸ்க்’, தமிழில் எதிர்த்தரப்பு இடர், என்கிறார்கள். (டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்குத்தான் இந்தச் சொல், கடனுக்கு ‘கிரெடிட் ரிஸ்க்’ என்று சொல்ல வேண்டும் எனத் திருத்துபவர்கள் உண்டு. நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.)

‘ட்ரிபிள் ஏ’ போன்ற தரத்தைப் போடும் ரேட்டிங் ஏஜென்சி இங்கே ஜாமீன் போடுபவர் அல்ல. விசாரித்து வந்து அபிப்பிராயம் சொல்பவர், அவ்வளவுதான். அந்த விசாரணைக்குக் கூலி கொடுப்பதும் நீங்கள் அல்ல, கடன் வாங்கும் கம்பெனி. மாப்பிள்ளை வீட்டார் காசில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வந்து சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்வது பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு முகூர்த்த நாள் குறிக்க யாரும் ஓடுவதில்லை.

1. பணம் உண்மையில் யார் கைக்குப் போகிறது?

விளம்பரத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை மறந்துவிடுங்கள். விண்ணப்பத்திலும் ரசீதிலும் அச்சாகும் சட்டப்பூர்வமான முழுப்பெயரை நோட்டில் எழுதுங்கள். ஒரே குடும்பப் பெயரில் ஒரு வங்கி, ஒரு வங்கி சாரா நிதி நிறுவனம், ஒரு வீட்டுக்கடன் கம்பெனி என மூன்று இருக்கலாம். ஒன்றின் கடனுக்கு இன்னொன்று பொறுப்பில்லை. வங்கிக் கிளையின் கவுண்டரில் வைத்து விற்றார்கள் என்பதால் அது வங்கி டெபாசிட் ஆகிவிடாது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. யெஸ் பேங்கின் ‘ஏடி-1’ பத்திரங்கள் (வங்கி சிக்கலில் மாட்டினால் அசலையே ரத்து செய்யக்கூடியவை) சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ‘சூப்பர் எஃப்டி’ போல விற்கப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தன் உத்தரவில் சொல்லி, 2021இல் வங்கிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. அதற்குள் காரியம் முடிந்திருந்தது. 2020 மார்ச்சில் அந்த வங்கியைக் காப்பாற்றியபோது 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தப் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

எதிர்த்தரப்பு யார் என்பதே தெரியாமல் ஏமாந்த கதை வெளிநாட்டிலும் உண்டு. 2008க்கு முன் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ‘மினிபாண்ட்’ என்று ஒன்று வங்கிகள் மூலம் விற்பனையானது. அதில் பிரபலமான நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. அந்த நிறுவனங்கள் நன்றாக இருந்தால் பணம் வந்துவிடும் என்றுதான் பலர் வாங்கினார்கள். ஏற்பாட்டின் நடுவில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி உட்கார்ந்திருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் திவால் மனு கொடுத்ததும், பட்டியலில் இருந்த கம்பெனிகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மினிபாண்ட் பணம் முடங்கியது. இத்தனைக்கும் திவாலுக்குச் சில நாள் முன்பு வரை உலகின் பெரிய மூன்று ரேட்டிங் ஏஜென்சிகளும் லேமனுக்கு ‘ஏ’ வரிசையில்தான் தரம் கொடுத்து வைத்திருந்தன.

சரி, பெயரை எப்படிச் சரிபார்ப்பது? வங்கி சாரா நிதி நிறுவனம் என்றால், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றிருப்பது வேறு, டெபாசிட் வாங்க அனுமதி பெற்றிருப்பது வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் தேடலாம். கடன் பத்திரம் என்றால் அந்தப் பத்திரத்தின் அடையாளமான, 12 எழுத்து கொண்ட ஐசின் எண்ணைக் கேட்டு வாங்கி, என்எஸ்டிஎல் நடத்தும் ‘இந்தியா பாண்ட் இன்ஃபோ’ தளத்தில் போட்டுப் பாருங்கள். ஐசின் கேட்டதும் ஏஜென்ட் பேச்சை மாற்றினால் அங்கேயே எழுந்துவிடலாம்.

2. வரிசையில் உங்கள் இடம் எது?

கம்பெனி மூழ்கினால் கிடைப்பதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத் தரமாட்டார்கள். வரிசை உண்டு. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி விஷயத்தில் இது பத்தே நாளில் கண்முன் நடந்தது. 2020 நவம்பர் 17 அன்று கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. 27ஆம் தேதி வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைந்தது. டெபாசிட் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. அதே வங்கியின் ‘டயர்-2’ பத்திரங்கள் (வரிசையில் டெபாசிட்டுக்குப் பின்னால் நிற்பவை), சுமார் 318 கோடி ரூபாய், பூஜ்யம். பங்கு வைத்திருந்தவர்களுக்கும் பூஜ்யம். அந்தப் பங்கைத் தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்கள் கரூர்ப் பக்கம் இருந்தன.

தோராயமாக இப்படி நினைவில் வையுங்கள். வங்கி டெபாசிட்டில் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசியின் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும், ஆனால் கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களுக்கு இல்லை. வங்கி சாரா நிறுவன டெபாசிட்டுக்கும், நம்மூர் நிதி கம்பெனிகளுக்கும் ஒரு ரூபாய்கூட காப்பீடு கிடையாது.

பத்திரங்களில், சொத்து அடமானம் உள்ள ‘செக்யூர்ட்’ என்சிடி (பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரம்) முன்வரிசை. அடமானம் இல்லாதது அதற்குப் பின்னால். ‘சபார்டினேட்’ (பின்வரிசைக் கடன்), ‘டயர்-2’, ‘பெர்பெச்சுவல்’ (முதிர்வுத் தேதியே இல்லாதது) போன்ற சொற்கள் கண்ணில் பட்டால் நீங்கள் வாசல்படிக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அரை சதவீதம் வட்டி கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

3. குறியீட்டைப் படிக்கும் விதம்

இந்தியாவில் கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ், அக்யூட்டே போன்ற ஏஜென்சிகள் செபியின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. நீண்டகாலக் கடனுக்கான ஏணி ட்ரிபிள் ஏயில் தொடங்கி, டபிள் ஏ, ஏ, ட்ரிபிள் பி, டபிள் பி, பி, சி என இறங்கி, ‘டி’யில் முடிகிறது. டி என்றால் ஏற்கெனவே தவணை தவறிவிட்டது. ட்ரிபிள் பி மைனஸ் வரை ‘முதலீட்டுத் தரம்’. அதற்குக் கீழே புதியவருக்கு வேலையில்லை.

இதில் வழுக்கும் இடங்கள் உண்டு.

குறுகிய காலக் கடனுக்கு வேறு ஏணி: ஏ-1, ஏ-2 என்று போகும். ‘ஏ-1 ப்ளஸ்’ என்பது ஓராண்டுக்குள் திருப்பித் தரும் கடனைப் பற்றியது. ஐந்தாண்டு டெபாசிட் விளம்பரத்தில் அதை எடுத்துப் போட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை. அதே போல, ரேட்டிங் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுப்பது அல்ல, குறிப்பிட்ட கடனுக்குக் கொடுப்பது. ஒரே கம்பெனியின் வங்கிக் கடனுக்கு ஒரு தரம், பெர்பெச்சுவல் பத்திரத்துக்கு அதைவிடக் கீழான தரம் இருக்கும். நீங்கள் வாங்குவது எதுவோ அதன் வரியைத் தேடுங்கள்.

தரத்துக்குப் பின்னால் அடைப்புக்குள் ‘சிஇ’ இருந்தால், அந்தத் தரம் கம்பெனியின் சொந்தப் பலத்தால் வந்ததல்ல. வேறு யாரோ உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். உத்தரவாதம் இல்லாமல் தரம் என்ன என்பதையும் ஏஜென்சி அதே அறிக்கையில் சொல்லியிருக்கும். அதைப் பார்த்தால் சில நேரம் தூக்கிவாரிப் போடும். ‘வழங்குநர் ஒத்துழைக்கவில்லை’ என்ற குறிப்பு இருந்தால், கம்பெனி ஏஜென்சிக்குக் கணக்கே காட்டவில்லை, கிடைத்ததை வைத்துத் தரம் போட்டிருக்கிறார்கள். அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்திய ஏஜென்சிகள் தரும் ட்ரிபிள் ஏ, இந்தியாவுக்குள் இருக்கும் மற்ற கடன்களோடு ஒப்பிட்டுத் தருவது. உலக அளவுகோலில் இந்திய அரசாங்கத்தின் தரமே பல ஆண்டுகளாக ட்ரிபிள் பி மைனஸ்தான். 2025 ஆகஸ்டில்தான் எஸ் அண்ட் பி என்ற அமெரிக்க ஏஜென்சி அதை ட்ரிபிள் பிக்கு உயர்த்தியது. ஆகவே நம் ட்ரிபிள் ஏவை, ‘நம்ம ஸ்கூலில் ஃபர்ஸ்ட் ரேங்க்’ என்ற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. எழுத்தை விட்டுவிட்டு அறிக்கையைப் படியுங்கள்

ரேட்டிங் கொடுக்கும்போது ஏஜென்சி தன் தளத்தில் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. ‘ரேட்டிங் ரேஷனேல்’ என்பார்கள். இலவசம். கம்பெனி பெயரைத் தேடினால் வந்துவிடும். பத்துப் பக்கம் இருந்தாலும் புதியவர் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

தேதிதான் முதல். விளம்பரத்தில் இருக்கும் தரம் ஓராண்டுப் பழையதாக இருக்கலாம். அடுத்து ‘லிக்விடிட்டி’ என்ற தலைப்பு: அடுத்த சில மாதங்களில் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, கையில் இருக்கும் பணம் எவ்வளவு என்று இங்கே இருக்கும். என்னிடம் கேட்டால் முழு அறிக்கையில் இதுதான் விலைமதிப்புள்ள பத்தி. கம்பெனிகள் நஷ்டத்தால் செத்ததைவிட, ஒரு செவ்வாய்க்கிழமை கட்ட வேண்டிய பணம் கையில் இல்லாமல் செத்ததுதான் அதிகம். அப்புறம் ‘டவுன்வர்ட் ஃபேக்டர்ஸ்’: என்ன நடந்தால் தரத்தைக் குறைப்போம் என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். கடைசியாக, பின்னிணைப்பில் கடந்த மூன்று ஆண்டுகளின் தர வரலாறு. ஏற்கெனவே ஒரு படி இறங்கியிருக்கிறதா, ஒரு ஏஜென்சியை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறதா என்பது அங்கே தெரியும். தாவியிருந்தால் பழைய ஏஜென்சியின் கடைசி அறிக்கையையும் தேடிப் படியுங்கள்.

5. ஏன் இவ்வளவு சந்தேகம்?

ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெயர் காரணம். 1987இல் தொடங்கிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம். எல்ஐசி, ஸ்டேட் பேங்க், ஜப்பானின் ஓரிக்ஸ், அபுதாபி அரசின் முதலீட்டு அமைப்பு எல்லாம் பங்குதாரர்கள். தமிழ்நாட்டுக்கும் நெருக்கமான பெயர்தான். பழைய மாமல்லபுரம் சாலையை ஐடி விரைவுச் சாலையாக்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தை மாநில அரசின் டிட்கோவோடு சேர்ந்து தொடங்கியதும், திருப்பூர் குடிநீர்த் திட்டத்தில் முன்னின்றதும், கடலூர் மாவட்டத்தில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைத்ததும் இந்தக் குழுமம்.

இப்படிப்பட்டவர்கள் பின்னால் நிற்கும்போது மூழ்க விடுவார்களா என்ற நம்பிக்கையில் 2018 நடுப்பகுதி வரை தரம் ட்ரிபிள் ஏ. ஆகஸ்டில் ஒரு படி குறைந்தது. செப்டம்பரில் ஒரே தாவலாக முதலீட்டுத் தரத்துக்குக் கீழே போய், அதே மாதம் நடுவில் டி. ஏறக்குறைய ஆறு வாரம். குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். துணை நிறுவனங்கள் முந்நூறுக்கும் அதிகம். அக்டோபர் 1 அன்று மத்திய அரசு இயக்குநர் குழுவையே மாற்றியது.

உள்ளே நடந்தது விளங்காத சூத்திரம் ஒன்றுமில்லை. சாலையும் மின்நிலையமும் பதினைந்து இருபது ஆண்டுகளில் காசு திருப்புபவை. அதற்குக் கணிசமாகக் குறுகிய காலக் கடனை வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று சுழற்றினார்கள். புதுக்கடன் நின்ற அன்று சுழற்சியும் நின்றது. அந்தக் கால இடைவெளி கணக்கேடுகளில் இருந்தது. ஏஜென்சிகள் பங்குதாரர்களின் பெயரைப் பார்த்தார்கள். இக்ராவுக்கும் கேருக்கும் செபி முதலில் ஆளுக்கு 25 லட்சம் அபராதம் போட்டு, பிறகு ஒரு கோடியாக உயர்த்தியது. 90,000 கோடிக்கு முன்னால் அது என்ன தொகை என்று நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்காவில் தொகையாவது பெரிது. வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு ட்ரிபிள் ஏ அள்ளிக் கொடுத்ததற்காக எஸ் அண்ட் பி 2015இல் 137.5 கோடி டாலரும், மூடிஸ் 2017இல் 86.4 கோடி டாலரும் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. கம்பெனி காசு கொடுத்துத் தரம் வாங்கும் முறை அங்கேயும் மாறவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் ரேட்டிங் பயனற்றது அல்ல. டபிள் பி கடன்கள் தவறுவது ட்ரிபிள் ஏவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை ஏஜென்சிகளின் நீண்டகாலப் புள்ளிவிவரங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மோசமானதை ஒதுக்க அது உதவும். நல்லதைத் தேர்ந்தெடுக்க அதை மட்டும் நம்ப முடியாது.

6. சந்தை என்ன சொல்கிறது?

ஏஜென்சி வாயைத் திறக்கும் முன் சந்தை முணுமுணுக்கத் தொடங்கிவிடும். 2018 செப்டம்பர் 21 அன்று, டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் குறுகிய காலப் பத்திரத்தை ஒரு மியூச்சுவல் ஃபண்ட் சுமார் 11 சதவீத வட்டிக்குச் சமமான, அதாவது மலிவான, விலைக்கு விற்றது தெரியவந்ததும், பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ட்ரிபிள் ஏ மட்டும் 2019 பிப்ரவரி வரை அசையவில்லை. மே மாதம் அந்தக் கம்பெனி டெபாசிட்டை முன்கூட்டியே எடுப்பதை நிறுத்தியது. ஜூனில் டி. திவால் நடைமுறை முடிந்தபோது டெபாசிட்தாரர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 23 ரூபாய்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். அதே காலத்துக்கு அரசாங்கப் பத்திரம் என்ன தருகிறது, மற்ற ட்ரிபிள் ஏ கம்பெனிகள் என்ன தருகின்றன என்று பாருங்கள். எல்லாரும் ஏழரை தரும்போது ஒருவர் மட்டும் ஒன்பது தருகிறார் என்றால், அவருக்கு ஏழரைக்குக் கடன் கொடுக்கப் பெரிய ஆட்கள் யாரும் தயாராக இல்லை. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆறு மாதப் பங்கு விலை, தணிக்கையாளர் ராஜினாமா, காலாண்டுக் கணக்கு தாமதம், இவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

7. எவ்வளவு போடுவது?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஏழரைக்குப் பதில் ஒன்பது சதவீதத்துக்கு 5 லட்சம் போட்டால் ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 7,500 ரூபாய். டிஹெச்எஃப்எல் போல 77 சதவீதம் போய்விட்டால் நஷ்டம் 3,85,000. அந்தக் கூடுதல் வட்டியை வைத்து இதை ஈடுகட்ட 51 ஆண்டு வேண்டும். சித்தப்பாவுக்கு வயது அறுபத்தொன்று.

எனவே ஒரு கம்பெனியில் போடுவது, முழுதும் போனாலும் வீட்டுச் செலவு நிற்காத தொகையாக இருக்கட்டும். மொத்தச் சேமிப்பில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரே கைக்குக் கொடுப்பதில்லை என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. ஒரே குழுமத்தின் மூன்று கம்பெனிகளை மூன்றாக எண்ணாதீர்கள், அது ஒன்றுதான்.

8. போட்ட பிறகு

நோட்டில் ஒரு பக்கம்: முழுப்பெயர், ஐசின் அல்லது ரசீது எண், முதிர்வுத் தேதி, நாமினி, ரேட்டிங் அறிக்கைத் தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய அறிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். தரம் இறங்கினால் அன்றே முடிவெடுங்கள். கம்பெனி டெபாசிட்டை முன்கூட்டியே எடுத்தால் வட்டியில் வெட்டு விழும், முதல் மூன்று மாதம் பொதுவாக எடுக்கவே முடியாது. ஆனாலும் கதவு திறந்திருக்கும்போது வெளியே வருவது மலிவு.

நின்றே போய்விட்டால் என்சிடிக்காரர்கள் தங்கள் சார்பில் நியமிக்கப்பட்டிருக்கும் டிபஞ்சர் டிரஸ்டியை அணுக வேண்டும், புகாரை செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் பதியலாம். கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனால், குறித்த தேதிக்குள் உங்கள் உரிமைக்கோரலை ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். உள்ளூர் நிதி நிறுவனம் என்றால் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். பணம் திரும்ப வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டே கொடுங்கள்.

இதையெல்லாம் இரண்டாவது நாள் சாயங்காலம் சொல்லி முடித்தபோது சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது சரிப்பா, போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டம் எவ்வளவு தர்றான்?” என்று கேட்டார். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் என்று அந்த நோட்டிலேயே முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். முப்பது லட்சம் வரை போடலாம், கடன் வாங்குவது இந்திய அரசாங்கம். “அப்ப நாம இத்தனை நேரமா பேசினது அந்தப் பாயிண்ட் மூணு பர்சென்ட்டுக்கா?” என்றார். எட்டு லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய். மறுநாள் காலை ஆதாரும் பேன் கார்டும் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனோம்.